‘இறுதியானது’ என்று எழுதிய பிறகு

1904ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடிக்கொண்டிருந்தது. கான்பெரா என்றொரு தலைநகரம் இன்னும் எழவில்லை. அந்த ஆண்டு நிறைவேறிய சமரச, நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் ஒரே மூச்சில் படித்துவிட முடியாத பிரிவு ஒன்று இருந்தது. தொழில் தகராறில் நடுவர் நீதிமன்றம் தரும் தீர்ப்பை வேறெந்த நீதிமன்றத்திலும் எதிர்க்கக் கூடாது, மேல்முறையீடு செய்யக் கூடாது, மறுஆய்வு கேட்கக் கூடாது, ரத்து செய்யக் கூடாது, கேள்விக்கு உட்படுத்தவே கூடாது என்று வினைச்சொற்களை அடுக்கிக்கொண்டு போகும் பிரிவு அது. கதவைச் சாத்தி, தாழ் போட்டு, மேசையையும் இழுத்து முட்டுக்கொடுத்தது போன்ற எழுத்து. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ அதே அடுக்கு சிங்கப்பூரின் தொழில் உறவுச் சட்டத்துக்குள் வந்தது. 1967இல் மலேசியாவின் சட்டத்திலும் அதன் உறவுக்காரப் பிரிவொன்று இடம்பிடித்தது.

சட்ட மாணவர்களுக்கு இந்தப் பிரிவைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்றுதான். அரசு நீதிமன்றத்தின் வாயை அடைக்கப் பார்த்தது, நீதிபதிகள் துணிந்து கதவைத் திறந்தார்கள், சட்டத்தின் ஆட்சி பிழைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, உயர்நீதிமன்றத்துக்கு ஓடியவர் யார் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாடப்புத்தகம் ஏறிய வழக்குகளில் பலவற்றைத் தொடுத்தவர் முதலாளி. கூட்டு ஒப்பந்தத்தின் விதி ஒன்றைச் சங்கம் வாதாடிப் பெறுகிறது. நடுவர் நீதிமன்றம் அதை ஏற்கிறது. அதற்கு மேல் இழுத்தடிக்க முடியாதபடி தொழிலாளியின் கையில் இருந்த காகிதம், இந்த ‘இறுதியானது’ என்ற பிரிவு. அந்தக் கோணத்திலிருந்து அதைப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதோடு, மறுஆய்வு உண்டா இல்லையா என்ற சண்டையைவிட, பேரம் பேசும் மேசைக்கு எதெல்லாம் வரலாம் என்று வரையறுத்த 1968ஆம் ஆண்டுத் திருத்தம்தான் சிங்கப்பூர்த் தொழிலாளியின் வாழ்க்கையை அதிகம் தீர்மானித்தது என்பதும்.

முதலில் சிங்கப்பூரில் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். சங்கத்தை முதலாளி அங்கீகரிக்க வேண்டும். மறுத்தால், ஊழியர்களில் பெரும்பான்மையினர் சங்கத்தின் பக்கம் இருக்கிறார்களா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். அங்கீகாரம் கிடைத்தபின் பேச்சு. பேச்சு முறிந்தால் மனிதவள அமைச்சின் சமரசம். அதுவும் முறிந்தால் தொழில் நடுவர் நீதிமன்றம். அதன் அமர்வில் மூவர் இருப்பார்கள்: தலைவர் ஒருவர், முதலாளிகள் பட்டியலிலிருந்து ஒருவர், ஊழியர்கள் பட்டியலிலிருந்து ஒருவர். தகராறை இந்த நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்ட பிறகு வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். அதற்கு ஈடாகத் தொழிலாளிக்குக் கிடைப்பது, சட்ட நுணுக்கங்களில் சிக்கிக்கொள்ளாமல் நியாயம், மனச்சாட்சி, வழக்கின் உள்ளடக்கம் ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்ட ஒரு மன்றம். வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தைக் கீழே வை, பதிலுக்கு விரைவான, முடிவான தீர்ப்புத் தருகிறேன் என்பதுதான் 1960இல் போடப்பட்ட கொடுக்கல் வாங்கல். இதில் ‘முடிவான’ என்பதை உருவிவிட்டால் தொழிலாளியின் பக்கம் தராசு காலியாகிவிடும்.

அந்த மன்றத்தின் முதல் தலைவர் சார்ல்ஸ் காம்பா, பொருளியல் பேராசிரியர். மலாயாவில் தொழிற்சங்கங்கள் முளைத்த வரலாற்றை எழுதி 1962இல் நூலாக வெளியிட்டவர். தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் நடந்த காலனிக் காலத்து வேலைநிறுத்தங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்த ஒருவரை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1964இல் அவருக்கு அடுத்து வந்த டான் பூன் சியாங் கால் நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கூட்டு ஒப்பந்தம் என்பது எப்படி இருக்கும் என்று பார்த்திராதவர்கள் நிறைய. பெரும்பாலும் சில பத்துப் பக்கங்கள். யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம், யாரெல்லாம் இதற்குள் அடங்குவர், எத்தனை காலம் செல்லும் என்று தொடங்கும். சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறையவும் கூடாது, மூன்றைத் தாண்டவும் கூடாது. குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது, அங்கே தீராவிட்டால் அடுத்து யாரிடம் என்ற படிக்கட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதன்பிறகு வேலைநேரம், மிகைநேர ஊதியம், இரவு முறைப் படி, விடுப்பு, மருத்துவச் செலவு, ஆண்டிறுதியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், ஆட்குறைப்பு நேர்ந்தால் எவ்வளவு. இருதரப்பும் கையெழுத்திட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தம் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சான்றளிக்கப்பட வேண்டும். பொதுநலனுக்கு ஒவ்வாது என்று தோன்றினால் மன்றம் சான்றளிக்க மறுக்கலாம். சான்றளித்துவிட்டால் அது மன்றத்தின் தீர்ப்பாகவே கருதப்படும். இரண்டு தனியார் எழுதிக்கொண்ட வரிகளுக்கு ஒரே முத்திரையில் தீர்ப்பின் பலம் ஏறிவிடுகிறது. அந்த வரிகளுக்கு என்ன பொருள் என்ற சண்டை வந்தால் அதையும் அந்த மன்றமே தீர்க்கும். ஆகவே கூட்டு ஒப்பந்த விதியின் மீதான நீதிமன்ற மறுஆய்வு என்று சிங்கப்பூரில் பேசும்போது, உயர்நீதிமன்றம் நடுவர் மன்றத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கலாமா என்றுதான் கேட்கிறோம்.

எட்டிப் பார்க்கலாம் என்று சொன்ன வழக்கு யீ யுட் ஈ வழக்கு. 1970களின் பிற்பகுதி. ஆட்குறைப்புச் செய்த ஒரு நிறுவனம், ஊழியர்களுக்குத் தர வேண்டிய தொகை. நடுவர் மன்றம் நிறுவனத்தோடு நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் இயக்குநரே தன் கையிலிருந்து கொடுக்கப் பொறுப்பாளி என்று உத்தரவிட்டது. இயக்குநர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது: சட்டத்தைப் படியுங்கள், எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தத் தீர்ப்பைத் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நீதிபதி சூர் சிங் அதை ஏற்கவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தைத் தாண்டி ஒரு மன்றம் நடந்தால் அங்கே பிறப்பது தீர்ப்பே ஆகாது, தீர்ப்பாகாத ஒன்றைத் தீர்ப்புக்குரிய பாதுகாப்புப் பிரிவு காப்பாற்றாது என்று உத்தரவை ரத்து செய்தார். 1968இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அனிஸ்மினிக் வழக்கில் போட்ட பாதை அது. சிங்கப்பூரில் தொழிலாளர் தீர்ப்பொன்றின் மேல் அது நடந்து வந்தது.

சட்டப்படி சூர் சிங்கின் முடிவில் பழுது காண்பது கடினம். 1897இன் சாலமன் வழக்கிலிருந்து, நிறுவனம் வேறு, அதை நடத்துபவர் வேறு என்பது வணிகச் சட்டத்தின் அடிக்கல். நடுவர் மன்றம் அந்த அடிக்கல்லையே பெயர்த்தது. ஆனால் மன்றத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நியாயமும் மனச்சாட்சியும் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்று சட்டம் சொல்கிறது. எதிரே சம்பளம் போன ஊழியர்கள் நிற்கிறார்கள். நிறுவனம் என்ற உறையை விலக்கிப் பின்னால் இருப்பவரைத் தொடுவதுதான் மனச்சாட்சிக்குச் சரியென்று மூவர் நினைத்திருந்தால் அதில் வியப்பென்ன? எப்படித் தீர்ப்பது என்பதில் சட்டம் மன்றத்துக்கு அகலமான வாசல் வைத்திருந்தது. யார் மேல் தீர்ப்பது என்பதில் வாசல் குறுகல். அந்தக் குறுகலை நடுவர்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கடந்தார்கள். சட்ட நூல்களில் இந்த வழக்கு நீதித்துறைச் சுதந்திரத்தின் எடுத்துக்காட்டாக நிற்கிறது. இதில் தோற்றவர்கள் வேலை இழந்த ஊழியர்கள் என்பதை அந்த நூல்கள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

1904இல் பிரிவை எழுதிய ஆஸ்திரேலியர்களே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1945இல் ஹிக்மன் வழக்கு. போர்க்கால ஒழுங்குவிதிகளின் கீழ் நிலக்கரித் தொழிலுக்கென்று அமைந்த உள்ளூர் வாரியம், சுரங்கத்திலிருந்து கரியை லாரியில் ஏற்றிப்போகும் ஓட்டுநர்களும் சுரங்கத் தொழிலைச் சேர்ந்தவர்களே என்று முடிவுசெய்து அவர்களைத் தன் வளையத்துக்குள் கொண்டுவந்தது. லாரி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். வாரியம் நல்லெண்ணத்தோடு தன் வேலையைச் செய்ய முயன்றதா, முடிவு அந்தச் சட்டத்தின் விஷயத்தோடு சேர்ந்ததா, கொடுத்த அதிகாரத்துக்குள் அதைப் பொருத்திப் பார்க்க இடமுண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், இவை தேறினால் தொடாதே என்று நீதிபதி டிக்சன் ஒரு வழி சொன்னார். வாரியத்துக்கும் மூச்சுவிட இடம் விட்ட அளவுகோல் அது. ஆனாலும் அந்த வழக்கில் வாரியம் தோற்றது. லாரி ஓட்டுபவன் கரி வெட்டுபவன் ஆகமாட்டான்.

ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பால் கதை இன்னும் சுவையானது. செங்கல் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம். கெடு வைத்து, அதற்குள் திரும்பாதவர்கள் வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்று நிர்வாகம் அறிவித்தது. பிறகு திரும்பி வந்தவர்களை உள்ளே விடவில்லை. தொழில் நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நிறுவனம் உயர்நீதிமன்றத்துக்குப் போய் ரத்து வாங்கியது. மேல்மன்றம் அதைத் திருப்பியது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1980இல் பிரபு ஃபிரேசர் சொன்னது: மன்றம் தன் அதிகார எல்லைக்குள் நின்று சட்டத்தைத் தப்பாகப் படித்தது என்றே வைத்துக்கொண்டாலும், நாடாளுமன்றம் போட்ட தாழை நாம் உடைக்க முடியாது. சௌத் ஈஸ்ட் ஏஷியா ஃபயர் பிரிக்ஸ் வழக்கு என்று சட்ட உலகம் முழுக்கப் பேர் வாங்கிய தீர்ப்பு. நீதித்துறையைக் கட்டிப்போட்டது என்று திட்டு வாங்கிய தீர்ப்பும் அதுதான். அதன் நடைமுறை விளைவு, செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பும் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பது.

1995இல் கிளந்தான் பேருந்து நிறுவனம் ஒன்றுக்கும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அந்தத் தாழை உடைத்தார். சட்டப் பிழை எந்த இடத்தில் நேர்ந்தாலும் அது பிழைதான், அதிகாரத்துக்குள் நேர்ந்தது, வெளியே நேர்ந்தது என்று பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றார். இரண்டே ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் ராமச்சந்திரன் வழக்கில் அதற்கும் ஒருபடி மேலே போய், மறுஆய்வில் தீர்ப்பின் உள்ளடக்கத்தையும் பார்ப்போம், தேவைப்பட்டால் நிவாரணத்தை நாமே வகுத்துத் தருவோம் என்றது. அந்த வழக்கில் கதவு திறந்ததால் பயன்பெற்றவர் வேலையிழந்த ஊழியர் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வழக்கு அது. ஒருவர் தனியாக, தன் வேலைக்காக வாதாடும்போது மறுஆய்வு அவருக்கு உதவலாம். சங்கம் மொத்தமாகப் பேசி வாங்கிய விதி ஒன்றைத் தக்கவைக்கப் பார்க்கும்போது அதே மறுஆய்வு நாட்களைத் தின்னும்.

தின்ற நாட்களுக்கு நல்ல சாட்சி கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் வழக்கு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல். அங்கே ஹோட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி, வாடிக்கையாளர் பில்லில் சேர்க்கும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பங்கிடப்படும். 2012ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதிய ஆணை தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. அடிப்படைச் சம்பளம் அதைவிடக் குறைவாக இருந்த ஹோட்டல்கள் ஒரு கணக்குப் போட்டன: சேவைக் கட்டணத்தை எடுத்துச் சம்பளத்தில் சேர்த்து 900 ஆக்கிக்காட்டினால் நமக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. தொழில் நீதிமன்றம் முடியாது என்றது. உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று படியேறி 2021இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். சேவைக் கட்டணம் ஊழியருக்காக ஹோட்டல் வாங்கி வைத்திருக்கும் பணம், அது முதலாளியின் பணமே ஆகாதபோது அதைக் கொண்டு முதலாளியின் கடனை அடைப்பது எப்படி என்பது தீர்ப்பின் சாரம். சங்கம் வென்றது. ஆனால் ஆணை வந்த ஆண்டுக்கும் கடைசித் தீர்ப்பின் ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒருகணம் நிற்கலாம். சிங்கப்பூரில் அந்த 10 விழுக்காடு பரிமாறியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. நம் கறிக்கடைகளில் எத்தனை சங்க மேசையைப் பார்த்திருக்கும்?

நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் தொடலாமா என்ற கேள்விக்கு உலகம் ஒரே விடை தரவில்லை. சிங்கப்பூர் தன் சட்டத்தை இயற்றிய அதே 1960இல், ஜூன் மாதம், அமெரிக்க உச்சநீதிமன்றம் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் மூன்று வழக்குகளில் ஒரே நாளில் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதியவை. ஒப்பந்தத்தின் பொருள் என்னவென்று சொல்லத்தான் இருதரப்பும் நடுவரை வைத்துக்கொண்டார்கள். நடுவரின் முடிவு ஒப்பந்தத்திலிருந்து சாரத்தை எடுத்திருந்தால் போதும், அவர் சரியாகப் படித்தாரா என்று நீதிபதி மறுபடி படிக்க உட்காரக் கூடாது. சட்டப் பிரிவு எதுவும் தாழ் போடாமலே, நீதிமன்றம் தானாக ஒதுங்கி நின்ற அரிய காட்சி. இந்தியா எதிர்த் திசையில் போயிற்று. ஒப்பந்தத்தில் இல்லாத புதிய கடமைகளையும் தொழில் தீர்ப்பாயம் விதிக்கலாம் என்று 1949இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவ்வளவு அதிகாரம் உள்ள தீர்ப்பாயத்தின் முடிவுகள் எங்கள் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று அடுத்த ஆண்டே பாரத் வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. உயர்நீதிமன்றங்களுக்கு அரசமைப்பே 226ஆம் பிரிவைக் கொடுத்திருக்கிறது, அதைச் சாதாரணச் சட்டத்தால் பூட்ட முடியாது. தொழிலாளர் வழக்கு தலைமுறை தாண்டும் என்று தமிழ்நாட்டில் சங்கக்காரர்கள் அலுத்துக்கொள்வதற்கு இந்தத் திறந்த கதவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் கதவு திறந்தபின் நடந்ததென்ன? கூட்டம் முண்டியடிக்கவில்லை. 1999இல் ஸ்டேன்ஸ்ஃபீல்டு வழக்கில், நியாயமில்லாத பணிநீக்கம் என்று அமைச்சர் எடுத்த முடிவை நீதிபதி வாரன் கூ ரத்து செய்தார். அமைச்சரின் முடிவே இறுதி என்று சட்டம் சொன்னாலும், ஒருதரப்புக்குச் சரியாகப் பதில்சொல்ல வாய்ப்புத் தராமல் எடுத்த முடிவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றார். வழக்குப் போட்டது நிறுவனம். 2010இல் தலைமை நீதிபதி சான் செக் கியோங், நீதி வழங்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 93ஆம் பிரிவு உச்சநீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கும்போது இத்தகைய தாழ்ப்பிரிவுகள் செல்லுமா என்ற வாதத்தையே ஓர் உரையில் எழுப்பினார். அறிஞர்கள் எழுதித் தள்ளினார்கள். கூட்டு ஒப்பந்தங்களோ ஆண்டுதோறும் சத்தமில்லாமல் சான்றளிக்கப்பட்டு வந்தன.

சத்தம் எங்கே போயிற்று என்று கேட்டால் 1967க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, நாள்கூலித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 2,400 பேர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். சிங்கப்பூரின் தெருவையும் சாக்கடையையும் கூட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். தலைவர் கே. சுப்பையா. அரசு வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்றது. சுப்பையாவும் மேலும் பதினான்கு தலைவர்களும் கைதாகி வழக்கைச் சந்தித்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களைத் தாங்களே நீக்கிக்கொண்டவர்கள், வேண்டுமானால் புதிதாக மனுப்போடலாம் என்று அறிவிப்பு வந்தது. பத்தில் ஒன்பது பேர் மனுப்போட்டார்கள். சங்கத்தின் பதிவைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கியது. லீ குவான் இயூ தன் நினைவுக் குறிப்புகளில் இதை நாட்டின் தொழில் உறவில் ஒரு திருப்புமுனையாகவே எழுதுகிறார். அவர் நோக்கில் அது வெற்றி. அன்று தேக்காவைச் சுற்றியிருந்த எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது அந்த மனுவின் பதிலைப் பொறுத்திருந்தது என்பது அந்தப் பக்கத்தில் வராது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களைக் காலிசெய்யப்போவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான வேலைகள் போகும் நிலை. ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகு தொழிலாளர் அமைச்சராக வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சி. ராஜரத்தினம். ஊழியர் சட்டமும் தொழில் உறவுச் சட்டத் திருத்தமும் அவர் கைவழியாகவே அவைக்கு வந்தன. முதலாவது, வாரத்துக்கு 44 மணி நேரம் என்பதையும் விடுப்பையும் மிகைநேர ஊதியத்தையும் ஒரே சீராக்கியது. இரண்டாவதுதான் நம் கதைக்கு முக்கியம். பதவி உயர்வு, இடமாற்றம், காலியிடத்துக்கு ஆளெடுப்பது, ஆட்குறைப்பு, பணிநீக்கம், யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொடுப்பது ஆகியவற்றில் சங்கம் பேரக் கோரிக்கை வைக்கக் கூடாது. மலேசியாவின் சட்டத்திலும் ஏறக்குறைய இதே பட்டியல் உண்டு. ஆட்குறைத்தால் எவ்வளவு தொகை என்று பேசலாம், ஆட்குறைப்பே வேண்டுமா என்று பேச முடியாது.

மேசைக்கு வராத விஷயம் ஒப்பந்தத்தில் ஏறாது. ஒப்பந்தத்தில் ஏறாததைப் பற்றி நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பே இல்லாதபோது மறுஆய்வுக்கு எதைக் கொண்டுபோவது? எஞ்சிய சம்பள விஷயத்தையும் 1972இல் அமைந்த தேசியச் சம்பள மன்றத்தின் முத்தரப்பு வழிகாட்டிகள் பெருமளவு எடுத்துக்கொண்டன. யீ யுட் ஈ வழக்கில் கதவு திறக்கப்பட்டபோது அதன் பின்னால் இருந்த அறை ஏற்கெனவே பாதி காலியாகியிருந்தது. கடைசியாகப் பேர்சொல்லும்படி சட்டப்படி நடந்த வேலைநிறுத்தம் 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற எண்ணெய்க்கிணற்றுக் கருவி நிறுவனத்தில், 61 பேர், இரண்டே நாள். அமைச்சரவையில் இருந்துகொண்டே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் (என்டியுசி) தலைமைச் செயலாளராகவும் இருந்த ஓங் டெங் சியோங் அனுமதித்தது. சக அமைச்சர்கள் சிலர் அவர்மேல் கோபப்பட்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

முதலாளிகள் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. வேலை தேடுவோர் பெருகிக்கொண்டிருந்த 1968இல் முதலீட்டை இழுக்க இந்தப் பட்டியல் உதவியது. எழுபதுகளில் வேலைவாய்ப்பு பெருகியது உண்மை. அந்த வேலைகளில் சேர்ந்தவர்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் நெருக்கடிக்காகப் போட்ட பட்டியல் நெருக்கடி முடிந்து அரை நூற்றாண்டாகியும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. மலேசியா 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் தன் பட்டியலைக் கொஞ்சம் தளர்த்தி, அவற்றில் சிலவற்றைப் பொதுவான கேள்விகளாகச் சங்கம் எழுப்பலாம் என்றது. தொழில் நீதிமன்றத் தீர்ப்பின்மீது உயர்நீதிமன்றத்துக்கு நேராக மேல்முறையீடும் கொடுத்தது. முதலாவதை வரவேற்கிறேன். இரண்டாவதன் பலன் யாருக்கு என்பது கிரிஸ்டல் கிரவுன் வழக்கின் படிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லெம்பு ரோட்டுத் திடலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கூட்டு ஒப்பந்தம் என்று சொன்னால் பெரும்பாலோர் விழிப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் காகிதம் வேறு. வேலை அனுமதி கிடைக்கும் முன்பே ஊருக்கு வந்துசேரும் அமைச்சின் கடிதம் அது. அடிப்படை மாதச் சம்பளம் இவ்வளவு, நிலையான படிகள் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று தனித்தனி வரிகள், தாய்மொழியிலும் இருக்கும். எழுத்தில் சம்மதம் வாங்காமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அந்தச் சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. தகராறு வந்தால் இந்தக் கடிதத்தைத்தான் நான்காக மடித்த மடிப்போடு எடுத்து நீட்டுகிறார்கள். சங்கம் பேசி வாங்காத, அரசு எழுதிய ஒப்பந்த விதி. கட்டுமானத் தொழிலுக்கென்று என்டியுசியைச் சேர்ந்த சங்கம் இருக்கிறது, வெளிநாட்டு ஊழியரும் உறுப்பினராகலாம். ஆனால் குடியுரிமை இல்லாதவர் அமைச்சரின் அனுமதியின்றிச் சங்கத்தில் பொறுப்பு வகிக்க முடியாது. வேலை போனால் அனுமதியும் போகும் என்ற நிலையில் இருப்பவரைக் கூட்டிவைத்துப் பெரும்பான்மை காட்டுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர்களும் ஏறக்கூடிய ஒரு புதிய படிக்கட்டு 2017இல் வந்தது. முதலில் முத்தரப்புச் சமரசம், அங்கே தீராவிட்டால் வேலைவாய்ப்புக் கோரிக்கைகள் நடுவர் மன்றம். உச்சவரம்பு 20,000 வெள்ளி, சங்க உறுப்பினர் முத்தரப்புச் சமரச வழியாக வந்தால் 30,000. வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. 2019 முதல் நியாயமற்ற பணிநீக்கமும் அமைச்சரிடமிருந்து இங்கே மாறியது. இந்த மன்றத்தின் முடிவு இறுதியானது என்று 1904 பாணியில் யாரும் எழுதவில்லை. உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம், சட்டக் கேள்வியோ அதிகாரக் கேள்வியோ இருந்தால் மட்டும், அதுவும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு. என் பார்வையில் இது பழைய தாழைவிட நேர்மையான ஏற்பாடு. பொய்யாகப் பூட்டிவைத்து நீதிபதிகள் உடைக்கக் காத்திருப்பதற்குப் பதில், அளவான ஒரு சாளரத்தைச் சட்டமே வைத்துவிட்டது. சம்பளம் வராமல் கஃப் ரோடு திட்டத்தில் இலவச உணவு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வழக்கு முடியக் காத்திருக்கும் ஒருவருக்கு, அந்தச் சாளரம் சிறிதாக இருப்பது நல்லது. அவர் கையில் ஏற்கெனவே தீர்ப்பு இருந்தால்.

2025 ஜனவரி 1 முதல் பழைய நடுவர் நீதிமன்றத்துக்குப் புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். இணையத் தளங்கள் வழியாக உணவு கொண்டுதருபவர்களும் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் இனிச் சங்கங்களாகப் பதிந்து தள நிறுவனங்களோடு கூட்டாகப் பேசலாம், பேச்சு முறிந்தால் தொழில் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு சவாரிக்கு எவ்வளவு, ஓர் ஆளுக்கு அடுத்த வேலை ஏன் வரவில்லை என்பதெல்லாம் கணினி தீர்மானிக்கும் தொழில் அது. வேலையைப் பிரித்துக்கொடுப்பது நிர்வாகத்தின் உரிமை என்ற 1968ஆம் ஆண்டுக் கொள்கை இங்கே மோதும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியொரு விதியை நடுவர் மன்றம் ஓட்டுநர்கள் பக்கம் படித்துத் தீர்ப்புச் சொன்னால், முதல் ஆளாக உயர்நீதிமன்றத்துக்குப் போகப்போவது சங்கமாக இருக்காது. தேக்காச் சந்தை வாசலில் பை மாட்டிக்கொண்டு பிரியாணிப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இந்தப் புதிய சட்டத்துக்குள் வருவார்கள். அவர்களைக் கடந்து திடலுக்குப் போகும் வேலை அனுமதிக்காரர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் அந்தத் தொழிலைச் செய்யவே அவர்களுக்கு அனுமதி இல்லை.